மூன்றாவது நடை

ஆனி மாதத்து மேல்காற்று நான்கு நாளாக நிற்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் கொட்டுகிற மழை இந்தப் பக்கம் சாரலாகத்தான் வந்து விழும். துணி காயாது, தரை காயாது, அதற்காக வேலைக்குப் போகாமலும் இருக்க முடியாது. லோயர் கேம்ப்பில் பாசனத்துக்குப் பெரியாற்றுத் தண்ணீர் திறந்து பத்து நாள் ஆகியிருந்தது. முல்லைநாயக்கனூரைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் சேறும் நாற்றுமாக நடவு நடந்துகொண்டிருந்தது. நிறைமாதத்தோடு நடவுக்குப் போனவர்கள் வரப்பிலிருந்தே ஆட்டோ ஏறி அரசு மருத்துவமனைக்கு வருவது வருடாவருடம் நடக்கிறதுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு டாக்டர் ஜெபராணி மூன்றாவது சிசேரியனுக்கு நின்றார். அவர் மயக்க மருந்து டாக்டர். ஐம்பத்தாறு வயது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குள் வந்தவர் இருபத்தேழு மணி நேரமாக வெளியே போகவில்லை. இரண்டு சிசேரியன், ஒரு குடல்வால், பைக்கில் விழுந்து தாடை உடைந்த ஒருவனுக்கு மூச்சுக்குழாய் போட்டு மதுரைக்கு அனுப்பியது. நடுவில் ஒரு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்திருந்தார். அதைத் தூக்கம் என்று சொல்ல முடியாது.

அந்த ஆஸ்பத்திரிக்கு மூன்று மயக்க மருந்து டாக்டர்கள் இருக்க வேண்டும். ஒருவர் மேல்படிப்புக்குப் போனார். இன்னொருவர் சொந்த ஊருக்கு மாறுதல் வாங்கிப் போனார். இரண்டு நாற்காலியும் இரண்டு வருடமாகக் காலி. போதாக்குறைக்குத் தலைமை மருத்துவர் ஓய்வு பெற்றபோது, இருப்பதில் மூத்தவர் என்று அந்தப் பொறுப்பும் ஜெபராணி தலையில் விழுந்தது.

மேஜையில் உட்கார்ந்திருந்தவள் வேல்விழி. இருபத்துநான்கு வயது, தலைப்பிரசவம். முதுகை வளைத்துக் குனியச் சொல்லி ஆயாம்மா அவள் தோள்களைப் பிடித்திருந்தாள். கத்தி பிடிக்க வேண்டிய டாக்டர் சுபாஸ்ரீ கை கழுவி, உறை மாட்டி, ஈரக் கோழி மாதிரி கைகளை மார்போடு வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கும் அது மூன்றாவது.

முதுகுத்தண்டில் போடுகிற ஊசிக்கு ஒரு ஒழுங்கு உண்டு. சிஸ்டர் மருந்துக் குப்பியை எடுத்து, பெயரைச் சத்தமாகப் படித்து, உடைத்து நீட்ட வேண்டும். டாக்டரும் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் உறிஞ்ச வேண்டும். முப்பது வருடமாக ஜெபராணி அதை மீறியதில்லை. அன்றைக்குப் பிள்ளையைக் கிடத்துகிற தொட்டிலில் ஆக்ஸிஜன் குழாய் கழன்றுகொண்டதால் தியேட்டர் சிஸ்டர் சங்கிலியம்மாள் அதைச் சரிசெய்யப் போயிருந்தார். ஜெபராணி காத்திருக்கவில்லை. தட்டில் இருந்த குப்பியைத் துணியால் பிடித்துத் தானே உடைத்தார், உறிஞ்சினார்.

ஊசி சரியான இடத்தில் இறங்கியது. தண்டுநீர் கண்ணாடித் துளியாகச் சொட்டியது. மருந்துக்குழலை மாட்டினார்.

"மேடம், நிப்பாட்டுங்க."

சங்கிலியம்மாள் கத்தவில்லை. பக்கத்தில் வந்து காதோடு சொன்னார். அவர் கையில் உடைந்த குப்பி இருந்தது. ஜெபராணி பார்த்தார். எழுத்துகள் முதலில் நகர்ந்தன, பிறகு நின்றன. அது மரத்துப்போக வைக்கிற மருந்து அல்ல, ரத்தப்போக்கை நிறுத்துகிற மருந்து. ரத்தக் குழாயில் போட்டால் உயிரைக் காப்பாற்றும். முதுகுத்தண்டில் போனால் வலிப்பு வந்து பத்து நிமிடத்தில் ஆளைக் கொண்டுபோய்விடும். இரண்டு குப்பிகளும் பக்கத்துப் பக்கத்துப் பெட்டியில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

கட்டை விரலை அழுத்த வேண்டியதுதான் பாக்கியாக இருந்தது.

அவர் குழலைக் கழற்றினார். சங்கிலியம்மாள் இன்னொரு குப்பியை எடுத்து, பெயரை இரண்டு தடவை படித்து, உடைத்து நீட்டினார். ஜெபராணியும் திருப்பிச் சொன்னார். மருந்து போனது. வேல்விழியின் கால்கள் கனத்தன. கால் மணி நேரத்தில் ஆண்பிள்ளை பிறந்து அழுதது. சுபாஸ்ரீக்கு எதுவும் தெரியாது. வேல்விழி தலையைத் திருப்பி, "யாரு மாதிரி இருக்கான்" என்று கேட்டாள்.

ஜெபராணி அவள் தலைமாட்டில் உட்கார்ந்து நாடித்துடிப்பை எழுதினார். எழுதியது அவருக்கே படிக்க முடியவில்லை.

தியேட்டரை விட்டு வந்ததும் வீட்டுக்குப் போக முடியவில்லை. தலைமை மருத்துவர் அறையில் கிளார்க் ஈஸ்வரபாண்டி கோப்புகளோடு நின்றார்.

"மேடம், பன்னெண்டு மணிக்கு வீடியோ கான்பரன்ஸ் இருக்கு. டயாலிசிஸ் தண்ணி மிஷினு நேத்து நின்னது நின்னதுதான், ஆளு மதுரையில இருந்து வரணுமாம். உத்தமபாளையம் கோர்ட்டுல இருந்து சம்மன் வந்திருக்கு, நாலு வருசத்துக்கு முந்துன அடிதடி கேசு. வார்டுல டூட்டி டாக்டர ஒருத்தர் சட்டையப் புடிச்சிட்டாராம், அதுக்கு போலீஸ்ல எழுதிக் குடுக்கணும்."

"வை."

"ஒம்பது லீவு லெட்டர் இருக்கு."

"வை ஈஸ்வரபாண்டி."

அவர் கையெழுத்துப் போட்டார். ஐந்தாவது தாளில் தன் பெயருக்குப் பதிலாக வேல்விழி என்று எழுதியிருந்ததை ஈஸ்வரபாண்டிதான் பார்த்தார். அந்தத் தாளை உருவிக்கொண்டு வேறு தாள் அடிக்கப் போனார்.

அவர் போன பிறகு சங்கிலியம்மாள் வந்தார். பண்ணைப்புரத்தில் நிலம் உழுகிற சம்சாரி வீட்டுப் பெண். இருபத்திரண்டு வருடமாகத் தியேட்டரில் நிற்கிறவர்.

"கதவச் சாத்தவா மேடம்?"

"சாத்து."

"கையக் காட்டுங்க." ரத்த அழுத்தக் கருவியைச் சுற்றினார். நூற்றுத் தொண்ணூற்று நாலுக்கு நூற்றுப் பன்னிரண்டு. சங்கிலியம்மாள் இன்னொரு தடவை பார்த்தார். அதேதான்.

"மாத்திர எப்பப் போட்டீக?"

"சனிக்கெழம போட்டேன்னு நெனைக்கிறேன்."

"வர்றவுககிட்டயெல்லாம் ஒரு வேள விடக்கூடாதுன்னு சண்ட போடுறீக."

ஜெபராணி கையில் சுற்றியிருந்த பட்டையைக் கழற்றினார்.

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் மேடம். ஆயாம்மாவுக்கும் புரியல. குப்பியக் குப்பையில போட்டுட்டேன்."

"எந்தக் குப்பையில?"

"மேடம்."

"எடுத்துட்டு வா சங்கிலி. அது இருக்கணும்."

"எதுக்கு? ஒண்ணும் ஆகலையே. ஆகாததுக்கு எதுக்கு மேடம் சாட்சி?"

"ஒண்ணும் ஆகாமப் போனது நீ நின்னதால. நாளைக்கி உனக்குக் காய்ச்சல்னா வேற ஆளு நிக்கும். அப்ப?"

சங்கிலியம்மாள் கதவைத் திறந்துகொண்டு போனார். குப்பியை எடுத்துவந்து, பஞ்சில் சுற்றி மேஜையில் வைத்தார்.

வீடு மெயின் ரோட்டிலேயே, ஆஸ்பத்திரியிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்தது. ஜெபராணி போடிக்காரர், ஏலக்காய் வியாபாரக் குடும்பம். புருஷன் இம்மானுவேல் இந்த ஊர் பஜாரில் மோட்டார், பைப் கடை வைத்திருக்கிறார். நடவு காலம் அவருக்கும் ஓய்வில்லாத காலம். ஆனாலும் கடையைச் சாயங்காலம் ஒரு மணி நேரம் ஆள்மேல் விட்டுவிட்டு வந்து சோறாக்குவார். ஒரே மகள் மகிமா கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறாள்.

அன்றைக்கு மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பு. ஜெபராணி செருப்பைக் கழற்றாமல் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"ஏங்க, இன்னைக்கு ஒரு பிள்ளையக் கொன்னுருப்பேன்."

இம்மானுவேல் கரண்டியைச் சட்டியிலேயே விட்டார். அடுப்பை அணைத்தார். ஜெபராணி நடந்ததைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசவில்லை. பிறகு தட்டில் சோறு போட்டுப் பிசைந்து அவர் முன்னால் வைத்தார்.

"மொதல்ல சாப்புடு."

"எறங்கல."

"எறங்குற வரைக்கும் சாப்புடு." எதிரே உட்கார்ந்தார். "அந்தப் பொண்ணு நல்லாருக்குல்ல?"

"நல்லாருக்கு."

"அப்ப விட்டுரு ராணி. ஆண்டவர் ஒரு கை குடுத்துருக்காரு, வாங்கிக்க. இதப் போயி எழுதுறேன் கிழுதுறேன்னு நிக்காத. ஒனக்குச் சட்டம் தெரியும், பேப்பர்காரனத் தெரியாது. முப்பது வருசம் நீ பாத்தத ஒரு காலையில அழிச்சிருவான்."

"எழுதாம இருந்தா என்ன ஆகும் தெரியுமா?"

"என்ன ஆகும்?"

"நாளான்னைக்கி மறந்துருவேன். எனக்குப் பயம் அதுதான். வேல போயிருமேன்னு இல்ல."

இம்மானுவேல் வெளியே ரோட்டைப் பார்த்தார். வாழைத்தார் ஏற்றிய லாரிகள் நனைந்தபடி போய்க்கொண்டிருந்தன.

"போன வருசமே சொன்னேன், விருப்ப ஓய்வு எழுதிக் குடுத்துட்டு வந்துருன்னு."

"எழுதிக் குடுத்தேனே. ஆளு பத்தலைன்னு திருப்பி அனுப்பிட்டாகளே."

"மகிமா நிச்சயத்தப்ப மோதிரம் மாத்தயில நீ தியேட்டர்ல நின்ன. ஜெபம் முடிஞ்சு, பந்தி முடிஞ்சு, போட்டோ எடுக்கயில வந்த. அந்தப் போட்டோவுல எல்லாரும் சிரிக்காக. நீ கண்ண மூடிட்டு நிக்கிற. சம்பந்தி வீட்டுல கேட்டாக, அம்மாவுக்கு இந்தச் சம்பந்தத்துல இஷ்டமில்லையான்னு. தூங்குறான்னு நான் எப்படிச் சொல்ல?"

"லீவு போட்டா அந்தப் பிள்ளைக எங்க போவாக?"

"நீ செத்துப்போனா எங்க போவாகளோ அங்கனதான் போவாக."

சொன்ன பிறகு அவருக்கே அது பொறுக்கவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார், கூடவே ரத்த அழுத்த மாத்திரையும். ஜெபராணி விழுங்குகிற வரைக்கும் நின்றார். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் ஜெபராணியின் போன் அடித்தது. தண்ணீர் மிஷின்காரன். இம்மானுவேல் போனை வாங்கி, "அவக இல்லப்பா" என்று சொல்லி வைத்தார். முப்பது வருடத்தில் அவர் சொன்ன முதல் பொய் அதுவாக இருக்காது. ஆனால் அவ்வளவு எளிதாகச் சொன்னது அதுதான்.

புதன்கிழமை காலையில் ரவுண்ட்ஸ் முடிந்ததும் ஜெபராணி பிரசவ வார்டுக்குத் தனியாகப் போனார். சன்னலோரக் கட்டிலில் வேல்விழி ஒருக்களித்துப் படுத்துப் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா பொன்னாத்தாள் கீழே உட்கார்ந்து இட்லியைப் பிய்த்து மகள் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் கர்ணன் சுவரோரம் நின்றான். ஜீப் டிரைவர். தினமும் காலையில் ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறுகிறவன்.

ஜெபராணி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டாக்டர் உட்கார்ந்ததும் மூவருக்கும் பயம் வந்துவிட்டது.

"பிள்ளைக்கு எதுவுமா?" என்றாள் பொன்னாத்தாள்.

"பிள்ள நல்லாருக்கான். இவளும் நல்லாருக்கா. நான் சொல்ல வந்தது வேற." நேராகச் சொன்னார். மருந்து மாறியதை, குழலை மாட்டியதை, சிஸ்டர் நிறுத்தியதை, நிறுத்தாமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை. ஏன் மாறியது என்பதையும் சொன்னார்; ஆனால் அதைச் சாக்காகச் சொல்வது மாதிரி இருந்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பொன்னாத்தாள்தான் முதலில் பேசினாள்.

"இத எதுக்குத்தா எங்ககிட்ட வந்து சொல்லுறீக? நல்லபடியா முடிஞ்சு போச்சு. இனி இவ ராத்திரி தூங்குவாளா? நான் தூங்குவனா? ஒங்க மனசு ஆறணும்னு எங்க மனசக் கலக்கிட்டீக."

ஜெபராணி அதை எதிர்பார்க்கவில்லை. கோபத்தை எதிர்பார்த்தார். இது உண்மையாக இருந்தது.

"அவ உடம்புல நடக்க இருந்தது. அவளுக்குத் தெரியணும்னு நெனச்சேன்."

வேல்விழி பிள்ளையை மார்பிலிருந்து எடுக்காமல் சொன்னாள். "எனக்குத் தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"ஆடக்கூடாது ஆடக்கூடாதுன்னு சொன்னீக. நான் ஆடல. நீங்கதான் ஆடுனீக. முதுகுல வச்ச கை கிடுகிடுன்னு நடுங்குச்சு. டாக்டருக்குமா நம்மளப் பாத்துப் பயம்னு நெனச்சுக்கிட்டேன்."

கர்ணன் சுவரை விட்டு நகர்ந்து வந்தான். அவன் குரல் உயரவில்லை. அதனாலேயே பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள்.

"ஏம்மா, நான் ஜீப்பு ஓட்டுறவன். மலையில ரெண்டு நட அடிச்சாலே கண்ணு எரியும். மூணாவது நடைக்குக் கூப்பிட்டா, ஓனரே கெஞ்சுனாலும் சாவியக் குடுத்துட்டு எறங்கிருவேன். பின்னால பதினஞ்சு சனம் உக்காந்துருக்கு. கொண்டை ஊசியில ஒரு செகண்டு கண்ணசந்தா அம்புட்டுப் பேரும் பள்ளத்துல. நீங்க படிச்சவுக. ஒங்களுக்கு இது தெரியாதா?"

"தெரியும்."

"அப்பறம் ஏன் ஏறுனீக?"

"சாவிய வாங்கிக்க ஆளில்ல."

"ஆளில்லன்னா வண்டிய நிப்பாட்டணும். ஓட்டக்கூடாது." அவன் மூச்சு வாங்கினான். "நான் இதப் பெட்டிசனா எழுதிக் குடுப்பேன்."

"குடுங்க. நானும் எழுதப்போறேன். தேதி, நேரம் எல்லாம் நான் தாரேன்."

பெட்டிசன் என்று சொன்னால் எதிரே இருக்கிறவர்கள் கத்துவார்கள், அல்லது கெஞ்சுவார்கள். இந்தம்மா தேதி தருகிறேன் என்கிறார். அவன் மறுபடி சுவரோரம் போய் நின்றுகொண்டான்.

ஜெபராணி எழுந்தபோது கால் கொஞ்சம் தடுமாறியது. பொன்னாத்தாள் தன்னையறியாமல் கையை நீட்டிப் பிடித்தாள். பிடித்துவிட்டு, பிடித்ததற்குக் கோபப்பட்டவள் மாதிரி உடனே விட்டாள்.

வியாழக்கிழமை ஜெபராணி இரண்டு கடிதங்கள் எழுதினார். ஒன்றில், செவ்வாய்க்கிழமை நடக்க இருந்த தவறு. குப்பியின் படம், எத்தனை மணி நேர வேலைக்குப் பிறகு என்ற கணக்கு, அப்போதைய தன் ரத்த அழுத்தம், சங்கிலியம்மாளின் பெயர், தன் கையெழுத்து. இன்னொன்று நான்கே வரி. தொடர்ந்து இருபத்துநான்கு மணி நேரம் வேலை பார்த்தால், அடுத்த பன்னிரண்டு மணி நேரம் தான் மயக்க மருந்து கொடுப்பதில்லை. அந்த நேரத்தில் அறுவைச் சிகிச்சை தேவைப்படுகிறவர்களை முன்கூட்டியே தேனி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

அனுப்பி ஒரு மணி நேரத்தில் மேலதிகாரியிடமிருந்து போன் வந்தது. டாக்டர் சுரேஷ்கண்ணன். மதுரையில் ஜெபராணியோடு ஒரே வகுப்பில் படித்தவர்.

"ராணி, என்ன எழுதியிருக்கன்னு தெரிஞ்சுதான் எழுதுனியா?"

"தெரிஞ்சுதான்."

"மொத லெட்டர் ஒன்னய மாட்டிவிடும். ரெண்டாவது லெட்டர் என்னய மாட்டிவிடும். அந்தப் பன்னெண்டு மணி நேரத்துல ஒரு சாவு விழுந்தா, டாக்டர் ஊர்லதான இருந்தாக, ஏன் வரலன்னு கேப்பாக."

"நான் போட்ட ஊசியில விழுந்திருந்தாலும் என்னத்தான் கேட்டிருப்பாக. அப்பவும் யாரும் எத்தன மணி நேரமா முழிச்சிருந்தன்னு கேக்கப்போறதில்ல."

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிடுவது கேட்டது.

"என் மேஜையில இதே மாதிரி பதினோரு லெட்டர் கெடக்கு. ஆளு வேணும் ஆளு வேணும்னு. நான் மேல அனுப்புறேன், அவக பரிசீலனையில இருக்குன்றாக. எனக்கே போன மாசி மாசம் ரெண்டு ஸ்டென்ட் வச்சாக. ஆறு நாள்ல வந்து உக்காந்துட்டேன். ஆடிட்டு, கணக்குப் பாக்க வந்துட்டாக."

"எனக்குச் சொல்லவே இல்லையே."

"நீ மட்டும் பிரஷர் நூத்தித்தொண்ணூறுன்னு எனக்குச் சொன்னியா? கடுதாசியில பாத்துத்தான் தெரியுது." காலேஜில் இரண்டு பேரும் எதற்கெல்லாம் சிரித்தார்கள் என்பது ஜெபராணிக்கு ஞாபகம் வரவில்லை. சிரித்தது மட்டும் ஞாபகம் இருந்தது.

"சரி, கேட்டுக்க. மொத லெட்டர நான் முறைப்படி மேல அனுப்புவேன், விசாரண வரும். ரெண்டாவதுக்கு அனுமதின்னு எழுத எனக்கு அதிகாரமில்ல. அனுமதியில்லைன்னு எழுத எனக்கு மனசில்ல. அதனால அது இன்னும் என் கண்ணுல படல. விளங்குதா?"

"விளங்குது."

"மாத்திரையப் போடு."

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே ஜெபராணியைக் கூப்பிட்டுவிட்டார்கள். அன்று முழுவதும், ராத்திரியும் நின்றார். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குத் தியேட்டர் வாசலில் இருந்த பலகையில், இரவு எட்டு மணி வரை மயக்க மருந்து மருத்துவர் இல்லை என்று தானே எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தார். குளித்தார். கோவிலுக்குப் போக வேண்டாம், படு என்றார் இம்மானுவேல். படுத்தார். கண் மூடினாலும் உள்ளே மானிட்டரின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒன்பதே காலுக்கு சுபாஸ்ரீ போன் செய்தார்.

"மேடம், தலைப்பிரசவம். தண்ணி ஒடஞ்சு ஆறு மணி நேரமாச்சு, தலை எறங்கல. பிள்ளையோட துடிப்பு எறங்கி எறங்கி ஏறுது. எடுத்துட்டா நல்லது. நீங்க பத்து நிமிஷம் வந்தீகன்னா போதும்."

ஜெபராணி எழுந்து உட்கார்ந்தார். "எறங்கயில எவ்வளவு?"

"நூறு. ரெண்டு தடவ தொண்ணூறு."

"தண்ணி நெறம்?"

"தெளிவாத்தான் இருக்கு."

"அம்மாவுக்கு பிரஷர், நாடி?"

"நல்லாருக்கு."

ஜெபராணி தன் வலது கையை விரித்துப் பார்த்தார். விரல்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. பக்கத்தில் இம்மானுவேல் நின்றுகொண்டிருந்தார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்து எதையும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

"அனுப்பிரு சுபா."

"மேடம்."

"எடது பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, ஆக்ஸிஜன் குடுத்து, குளுக்கோஸ் ஓட விட்டு அனுப்பு. சங்கிலியக் கூட ஏத்து. பெரியாஸ்பத்திரிக்கு நான் பேசுறேன். மேஜைய ரெடியா வச்சிருப்பாக."

"ஒரு மணி நேரம் ஆகும் மேடம்."

"தெரியும். இப்ப நான் வந்தா அதவிட ஆபத்து. இத நீயும் எழுதி வச்சுக்க, நான் சொன்னேன்னு."

பெரியாஸ்பத்திரிக்குப் பேசினார். அங்கே எடுத்த டாக்டரின் குரலும் தூங்காத குரல்தான். ஆனாலும் அங்கே நான்கு பேர் இருந்தார்கள். அனுப்புங்க மேடம், தயாரா இருக்கோம் என்றார் அவர்.

ஆம்புலன்ஸ் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். சைரன் சத்தம் தூரத்தில் கேட்டு, வந்து, சன்னலை அதிரவைத்து, போனது. ஜெபராணி சன்னலுக்குப் போகவில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடியே அதோடு கூடப் போய்க்கொண்டிருந்தார். உத்தமபாளையம் பஸ் நிலையம். ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் இருக்காது. சின்னமனூரில் சந்து நெருக்கம். சீலையம்பட்டி. வீரபாண்டி பாலம். தேனிக்குள் போகாமல் சுற்றிப் போனால் ஏழு நிமிடம் மிச்சம். டிரைவருக்கு அது தெரிந்திருக்க வேண்டுமே என்று ஒரு பயம் வந்தது.

"காப்பி போடவா?" என்றார் இம்மானுவேல்.

"வேண்டாம்."

"நான் ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?"

"கேளுங்க."

"அந்தப் பிள்ளைக்கு எதுவும் ஆயிருச்சுன்னா, நீ தாங்குவியா?"

"தாங்க மாட்டேன்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார், "செவ்வாய்க்கெழம ஆயிருந்தாலும் தாங்கியிருக்க மாட்டேன்."

இம்மானுவேல் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார்கள். வெளியே சாரல் கொஞ்சம் கனத்து விழுந்தது. மாதா கோவில் முடிந்து போகிறவர்கள் குடையோடு பேசிக்கொண்டு போனார்கள். டாக்டரம்மா இன்னைக்குக் கோவிலுக்கு வரல என்று யாரோ சொன்னது உள்ளே கேட்டது.

பதினொன்று பத்துக்கு சங்கிலியம்மாள் போன் செய்தார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தின் இரைச்சல் முதலில் வந்தது.

"மேடம், எடுத்துட்டாக. பொம்பளப் பிள்ள. அம்மா நல்லாருக்கா."

"அழுதுச்சா?"

சங்கிலியம்மாள் இரைச்சலை விட்டுத் தள்ளி வந்து சொன்னார்.

"கொஞ்சம் லேட்டா அழுதுச்சு மேடம்."

"எவ்வளவு லேட்டு?"

"ரெண்டு நிமிசம் இருக்கும். பிள்ளைக வார்டுல வச்சு ஆக்ஸிஜன் குடுக்காக. நெறம் திரும்பிருச்சு. ரெண்டு நாள் பாக்கணும்னு சொல்லுறாக."

ஜெபராணி கண்ணை மூடிக்கொண்டார். ரெண்டு நிமிஷம். இனி அது அவரோடு இருக்கும். எந்தக் கோப்பிலும் ஏறாது, எந்த விசாரணையிலும் கேட்க மாட்டார்கள்.

"சங்கிலி, நான் வந்திருந்தா?"

"எனக்குத் தெரியல மேடம். நீங்க வந்திருந்தா பிள்ள மொத நிமிசமே அழுதிருக்கலாம். வேற ஏதும் ஆகியும் இருக்கலாம். ஒங்க கையப் பாத்தவ நான். பொய் சொல்ல மாட்டேன்."

"நீ சாப்புட்டியா?"

"இல்ல மேடம். இதே வண்டியில திரும்பணும்ல."

"வண்டி நிக்கட்டும். சாப்புட்டுட்டு வா. மெதுவா வா."

போனை இம்மானுவேலிடம் கொடுத்துவிட்டுப் படுத்தார். எப்போது தூங்கினார் என்று அவருக்குத் தெரியாது. எழுந்தபோது அறை மங்கலாக இருந்தது. மணி நான்கரை. காற்று ஓய்ந்திருந்தது. மதியச் சோறு மேஜையில் மூடியபடி இருந்தது. இம்மானுவேல் கடைக்குப் போகாமல் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"யாரும் கூப்பிட்டாகளா?"

"ஒரு தடவ. சங்கிலியம்மா. எழுப்பட்டுமான்னு கேட்டேன், வேண்டாம்னுட்டாக."

"என்ன சொன்னாக?"

"பிள்ளைக்கு ஆக்ஸிஜனக் கொறச்சிட்டாகளாம். பாலு குடுத்துப் பாத்தாகளாம், உறிஞ்சுச்சாம்."

ஜெபராணி தலையசைத்தார். கட்டிலை விட்டு இறங்கி முகம் கழுவினார். ஐந்து மணி நேரம் தூங்கியிருந்தார். அந்த ஐந்து மணி நேரத்தில் ஊரில் யாரும் சாகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அவராலும் முடியாது. ராத்திரி எட்டு மணிக்கு மறுபடி டூட்டி.

மூடியை எடுத்துவிட்டு, ஆறிப்போன சோற்றைத் தானே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பசித்தது.